காசிமேட்டுக்கு வடக்கே ஓர் இரும்புக் கேட்டு

எழும்பூர் ஸ்டேஷனில் தூத்துக்குடி வண்டி வந்து நின்றபோது என்னை அழைத்துப்போக ஒருவர் அட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அட்டையில் என் பெயர் இல்லை. ‘மாதர் பிரதிநிதி’ என்று எழுதியிருந்தது. நான்தான் நேசம்மாள், தூத்துக்குடி நகரசபை மெம்பர் என்றேன். அவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, “சார் வரலீங்களா?” என்றார்.

“எந்த சார்?” என்று கேட்டேன். அவர் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். அவர்தான் எங்கள் சபையின் காரியதரிசி என்பது பிறகு தெரிந்தது. எனக்குக் கோபம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது. மதராசில் இருந்த நாளெல்லாம் அது தணியவில்லை. இதை எழுதும்போதும் தணிந்தபாடில்லை.

சுதந்திரம் வந்தபின் புதிது புதிதாகத் தோன்றிய சபைகளில் எங்களுடையதும் ஒன்று. கூட்டு யோசனைச் சபை என்று பெயர். ஒரு தகராறில் சம்பந்தப்பட்ட எல்லோரையும் பொதுவாழ்வில் இருக்கும் சிலர் ஒரே இடத்தில் உட்காரவைத்துப் பேசி, வழக்கு, மறியல் இல்லாமல் வழி கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் வேலை. என்னைக் கேட்டபோது நான் முழுமனதோடு ஒப்புக்கொண்டேன். தூத்துக்குடியில் இரண்டு தெருக்காரர்கள் ஒரு குடிதண்ணீர்க் கிணற்றுக்காக அரிவாள் எடுக்கும் அளவுக்குப் போனபோது, இரு தெருப் பெண்களையும் பள்ளிக்கூட வராந்தாவில் கூட்டிவைத்துப் பேசித் தீர்த்திருக்கிறோம். உட்கார்ந்து பேசினால் தீரும் என்று நம்புகிறவள் நான். அதனால்தான் இவ்வளவு கோபம்.

காரியதரிசி ஏற்பாடு செய்திருந்த ஓட்டலுக்கு நான் போகவில்லை. வண்ணாரப்பேட்டையில் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்யும் என் பெரியப்பா மகன் தங்கராஜ் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கீழே கடை, மேலே வீடு. தெருவில் மூட்டை வண்டிகள் போவதும் வருவதுமாக ஒரே இரைச்சல். மதினி ரோஸம்மாள் குழாயடியில் காத்துக் கிடந்து தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். எங்கள் ஊரில்தான் தண்ணீருக்குக் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். ராஜதானி நகரத்திலும் அதே குடம், அதே வரிசை, அதே சண்டை. வையும் வார்த்தைகள் மட்டும்தான் வேறு.

மதினி வைத்த சாளைமீன் புளிமுளக் குழம்பு ஊர் ருசியில் இருந்தது. சாப்பிடும்போது அண்ணன் கேட்டார்: “ஒன்னய எதுக்குப் போட்டிருக்காவ தெரியுமா, நேசம்?”

“வேலை செய்யத்தான்.”

“போட்டோவுக்கு. ஒரு பொம்பள இருந்தா நல்லாருக்கும்லா. நீ பேசாம இருந்துட்டு வா. எங்க கடைக்கு அந்தச் சபை ஆளுக தயவு வேணும்.”

மதினி அவரை முறைத்துவிட்டு எனக்கு இன்னொரு மீன் துண்டு வைத்தாள்.

மறுநாள் முதல் கூட்டம். எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற ஜட்ஜ். துணைத்தலைவர் ஒரு மாஜி மந்திரி. மூன்று பேரும் ஒரே காரில் கிளம்பினோம். தண்டையார்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டோம். துறைமுகத்துக்குப் போகும் சரக்கு வண்டி ஒன்று பாதி கடந்து நின்றுவிட்டது. வெயில் காரின் கூரையில் இறங்கியது. மாஜி மந்திரி தன் சிறைவாசத்தைச் சொல்ல ஆரம்பித்தார். வண்டி நகர்வதற்குள் அவர் இரண்டு ஜெயில்களுக்குப் போய் வந்துவிட்டார்.

விசாரணைக்கு வந்த தகராறு இதுதான். காசிமேட்டுக்கு வடக்கே, திருவொற்றியூர் போகும் வழியில் ஒரு மீனவர் குப்பம். கிழக்கே கடல், மேற்கே நெடுஞ்சாலை. இரண்டுக்கும் நடுவே காலங்காலமாக ஒரு சந்து. சந்தின் இருபுறமும் இருந்த நிலத்தை ஒரு தொழிற்சாலை வாங்கிச் சுவர் எழுப்பியது. அதோடு சந்தின் குறுக்கேயும் ஓர் இரும்புக் கேட்டைப் போட்டுப் பூட்டிவிட்டது. தொழிற்சாலையின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் எல்லோரும் பெயரைப் பற்றியே பேசுவார்கள், கேட்டை மறந்துவிடுவார்கள். குப்பத்துப் பெண்கள் மீன்கூடையோடு சாலைக்கு வர வேண்டுமானால், கடல் அரிப்புக்காகக் கொட்டிய கருங்கற்கள் மேல் தெற்கே வெகுதூரம் நடந்து சுற்றிவர வேண்டும். அலை ஏறினால் அந்த வழியும் இல்லை.

கூட்டம் எங்கே நடந்தது? அதே தொழிற்சாலையின் விருந்தினர் பங்களாவில். மின்விசிறி, வெள்ளை மேஜைவிரிப்பு, தட்டு நிறைய கட்லெட். மானேஜர் உபசரித்தார். குப்பத்திலிருந்து ஒருவரும் இல்லை.

“அழைப்பு அனுப்பினோம். அவங்க ஒத்துழைக்கலை,” என்றார் காரியதரிசி.

“ஏன் வரலைன்னு யாராவது போய்க் கேட்டாங்களா?” என்றேன்.

ஜட்ஜ் புன்னகை செய்தார். “அம்மா, சபை யாரையும் தேடிப் போறதில்லை. வந்தவங்க பேச்சைக் கேட்போம்.”

வந்தவர் மானேஜர் ஒருவர்தான். சந்து திறந்திருந்தால் சரக்குத் திருடுபோகும் என்று அவர் விளக்கமாகச் சொன்னதை எல்லோரும் கேட்டார்கள். நான் கட்லெட்டைத் தொடவில்லை.

அடுத்த நாள் ஒருவரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். அது பாதி வழியில் புகை கக்கி நின்றது. கண்டக்டர் இறங்கி முன்பக்கம் திறந்து பார்த்துவிட்டு, “அவ்ளோதான். எல்லாம் எறங்கு, எறங்கு, பேஜாரு பண்ணாத,” என்று கத்தினார். மிச்சத் தூரம் நடந்தேன். காற்றில் உப்பும் கரியும் எண்ணெயும் கலந்து வீசின. எங்கள் ஊர்க் கடல் குளம்போலக் கிடக்கும். இங்கே அது கரையை அறைந்துகொண்டிருந்தது. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் கடலுக்குள் நீண்டதிலிருந்து வடக்கே மண் அரிக்கிறது என்கிறார்கள். பாதி இடிந்த குடிசை ஒன்றின் அடுப்பில் அலை வந்து நிரம்பி வடிந்ததைப் பார்த்தேன்.

கற்கள் தொடங்கும் இடத்தில் ஒருத்தி காலிக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பெயர் அஞ்சலை.

“இன்னாம்மா பாக்குற? மீனு வித்துப்பூட்ச்சு,” என்றாள்.

நான் யார் என்று சொன்னேன்.

“ஓ, அந்தக் காரு ஆளுங்களா. எங்களாண்ட யாரும் வரலியே.”

“கூட்டத்துக்குக் கூப்பிட்டாங்களாமே. யாரும் வரலைன்னு சொன்னாங்க.”

“கூப்ட்டாங்கோ. காலைல பத்து மணிக்கு. அந்நேரம் ஆம்பளைங்கோ கடல்ல கீறாங்கோ, நாங்க மார்க்கெட்டுல கீறோம். வூட்ல நாயிதான் கீது. அத்த அனுப்பட்டுமா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. “எங்க வழிய நடந்து பாக்குறியா?” என்று எழுந்தாள்.

நடந்தேன். கற்கள் பாசி படிந்து வழுக்கின. அவள் தலையில் கூடையோடு கையைக்கூட விரிக்காமல் போனாள். நான் புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, கல்லுக்குக் கல் கையை ஊன்றி, தவளைபோலப் போனேன். ஓர் அலை வந்து இடுப்புவரை நனைத்தது. அடுத்ததில் விழுந்தேன். முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து ரத்தம் வந்தது.

“எங்க ஓர்ப்படியா, கொழுந்தன் பொண்டாட்டி, இங்கதான் வுழுந்தா. மீனோட,” என்றாள் அஞ்சலை. “இடுப்பு ஒடஞ்சி பட்த்துகினு கீறா. அவ கூடை மட்டும் நல்லாகீது. அதான் இது.”

அவள் தலையில் இருந்த கூடையைப் பார்த்தேன்.

அவள் வீட்டில் காயத்துக்கு மஞ்சள் அரைத்துப் போட்டுத் துணியால் கட்டிவிட்டுச் சோறும் நெத்திலிக் குழம்பும் கொடுத்தாள். குழம்பில் மாங்காய் போட்டிருந்தாள். எங்கள் பக்கம் தேங்காய் அரைத்து விடுவோம் என்றேன். “தேங்காக்கு எங்க போறது, நீ வேற,” என்றாள். மூலையில் அவள் மாமனார் காய்ச்சலில் படுத்திருந்தார். கட்டுமரம் வலித்த கைகள் போர்வைக்கு வெளியே கிடந்தன. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகவில்லையா என்று கேட்டேன். கேட்டபிறகுதான், எந்த வழியாக என்று எனக்கே உறைத்தது.

அன்று மாலை ஜட்ஜ் வீட்டுக்குப் போய், சபை நேரில் போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்று சொன்னேன். என் காலில் இருந்த கட்டைப் பார்த்தார். சரி, நாளை மறுநாள் பார்வையிடலாம் என்றார். எனக்கு அது பெரிய வெற்றியாகத் தோன்றியது.

அந்தப் பார்வையிடல் இப்படி நடந்தது. கேட்டுக்கு இந்தப் பக்கம், தொழிற்சாலைக்குள் நின்றுகொண்டு கம்பிகள் வழியாகக் குப்பத்தைப் பார்த்தார்கள். போட்டோ எடுத்தார்கள். மாஜி மந்திரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “சுகாதாரம் போதாது,” என்றார். பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பங்களாவுக்குத் திரும்பினோம்.

பிரியாணி முடிந்து ஐஸ்கிரீம் வந்தபோது வாட்ச்மேன் முனுசாமி வாசலில் வந்து நின்றார். வியாசர்பாடிக்காரர். இளவயதில் குத்துச்சண்டை போட்டவராம், மூக்கு ஒருபக்கம் சாய்ந்திருக்கும். மானேஜரைப் பார்த்து, “சார், சந்துக் கேட்டாண்ட பொணத்த எட்தாந்து நிக்கிறாங்கோ. மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போணுமாம். அல ஏறிப்பூட்ச்சு, கல்லு மேல தூக்கினு போவ முடியாதாம். கேட்டத் தொறக்கச் சொல்றாங்கோ,” என்றார்.

“யாரு செத்தது?” என்று கேட்டேன்.

“அஞ்சலைன்னு மீன் விக்கிற பொம்பள, அதோட மாமனாரு.”

மானேஜர் ஜட்ஜைப் பார்த்தார். ஜட்ஜ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “விஷயம் இப்ப சபையின் பரிசீலனையில் இருக்கு. இந்த நேரத்தில் கேட்டைத் திறந்தா ஒரு தரப்புக்குச் சாதகமா முடிவு செஞ்ச மாதிரி ஆகும். நம்ம நடுநிலைமை போயிடும்.”

“பிணத்துக்கு எதிர்த் தரப்பு யாருங்க?” என்றேன்.

“அம்மா, உணர்ச்சிவசப்படாதீங்க.”

“அலை இறங்கினதும் எடுத்துக்கிட்டுப் போகட்டும்,” என்றார் மாஜி மந்திரி. “அவசரம் என்ன இருக்கு?” சொல்லிவிட்டு ஐஸ்கிரீமை எடுத்து வாயில் போட்டார். அந்த வாயை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

கையைக்கூடக் கழுவாமல் எழுந்தேன். முனுசாமி என் பின்னாலேயே வந்தார். கேட்டுக்கு அந்தப் பக்கம் பாடையைத் தோளில் வைத்தபடி நான்கு பேர் நின்றார்கள். மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். அஞ்சலை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அழுகை இல்லை.

“முனுசாமி, சாவி யாருகிட்ட இருக்கு?”

“என்னாண்டதாம்மா.”

“தெறங்க.”

“மானேஜரு கேப்பாரே.”

“சபை மெம்பர் சொன்னாங்கன்னு சொல்லுங்க.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீ சொன்னது போதுமாம்மா?”

“போதும்னு நெனைக்கேன்.”

“போதாது,” என்றார். சொல்லிக்கொண்டே பூட்டைத் திறந்தார். பாடை உள்ளே வந்து, சந்து வழியாக நேராகச் சாலைக்குப் போயிற்று. அவ்வளவு கிட்டேதான் சாலை இருந்தது.

மறுநாள் காலையில் அண்ணன் கடை வாசலில் முனுசாமி வந்து நின்றார், காக்கி உடை இல்லாமல். வேலை போய்விட்டது. என்னிடம் குறை சொல்ல அவர் வரவில்லை. “சேதி சொல்லாம பூட்டா நல்லாருக்காதுன்னு வந்தேன். நீ மனசுல ஒண்ணும் வெச்சுக்காத,” என்றார். மதினி அவருக்கு இட்லி வைத்தாள். அண்ணன் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். கேட்டைத் திறக்கச் சொன்னவள் நான். திறந்த மனிதர் தெருவில் நிற்கிறார்.

அன்று சபையின் கடைசிக் கூட்டம். முதலில் முனுசாமியைப் பற்றிப் பேச வேண்டும் என்றேன். “தொழிலாளர் விவகாரம் நம்ம வரம்புக்குள்ள வராது,” என்றார் ஜட்ஜ். பிறகு சிபாரிசை வாசித்தார்கள். நேற்று ஏற்பட்ட முன்னுதாரணத்தை அனுதாபத்தோடு பரிசீலித்து, மனிதாபிமான அடிப்படையில், இனி சவ ஊர்வலங்களுக்கு மட்டும் கேட்டைத் திறந்துவிடலாம் என்று சபை ஏகமனதாகச் சிபாரிசு செய்கிறதாம்.

நான் சரியாகக் கேட்டேனா என்று சந்தேகமாகிவிட்டது. திரும்ப வாசிக்கச் சொன்னேன். வாசித்தார்கள். சரியாகத்தான் கேட்டிருந்தேன்.

“செத்தவங்களுக்கு வழி விடுவோம், உயிரோட இருக்கவங்க கல்லுல விழுந்து சாகட்டும்னு எழுதியிருக்கீங்க,” என்றேன். “இதுக்கு மூணு பேர், ஒரு காரு, இத்தனை கட்லெட்டா? ஏகமனதாங்கிற வார்த்தைய எடுங்க. என் மனசு இதுல இல்ல.”

“கூட்டு யோசனைன்னா விட்டுக்கொடுக்கணும், அம்மா,” என்றார் மாஜி மந்திரி.

“நீங்க எதை விட்டுக்கொடுத்தீங்க?”

எழுந்து வெளியே வந்தேன். காரியதரிசி பின்னால் ஓடிவந்து, கார் தலைவருக்கு வேண்டியிருக்கிறது என்றார். கேட்காமலே சொன்னார்.

பங்களாவிலிருந்து சாலைக்கு நடந்தபோது தொழிற்சாலையின் முன்வாசலில் கூட்டமாக இருந்தது. சரக்கு ஏற்றும் ஆட்கள் மூட்டைகளைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். முனுசாமிக்கு வேலை போன செய்தி அவர்களுக்கு எட்டிவிட்டது. அவர்களுடைய மேஸ்திரி, குரல் கட்டிப்போன பெரிய உருவம், சொன்னார்: “பொணத்துக்கு வயி வுட்டவன வூட்டுக்கு அனுப்பிட்டாங்கோ. அவன் உள்ள வந்தாத்தான் மூட்ட மேல ஏறும்.”

விஷயம் குப்பத்துக்கும் போயிருந்தது. பெண்கள் கற்கள் மேல் சுற்றி நடந்து, சட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். சாவு வீட்டுக்காரி என்பதால் அஞ்சலை வரவில்லை, அவள் வீட்டு அரிசி வந்தது. சாலையோரம் கல் கூட்டி அடுப்பு வைத்தார்கள். மூட்டை தூக்குகிறவர்களும் வலை இழுக்கிறவர்களும் அதுவரை ஒருவரை ஒருவர் திருடன் என்று ஏசிக்கொண்டவர்கள்தாம். அன்று ஒரே சட்டியில் சாப்பிட்டார்கள். எனக்கும் ஓர் இலையில் கிடைத்தது.

தொழிற்சாலைச் சரக்குக்காகத் துறைமுகத்தில் கப்பல் காத்திருந்தது. மறுநாள் மத்தியானம் மானேஜர் தாமாகவே வெளியே வந்தார். டீக்கடைப் பெஞ்சில் அவர், மேஸ்திரி, குப்பத்துத் தலைவர் நாட்டார், நான் நால்வரும் உட்கார்ந்தோம். நான் வாயைத் திறக்க வேண்டிய வேலையே வரவில்லை. மானேஜர் திருட்டைப் பற்றிச் சொன்னார். நாட்டார், “சாயங்காலம் பூட்டிக்க. விடிகாத்தால தொற. முனுசாமிகூட எங்க ஆளு ஒருத்தன் குந்திகினு இருப்பான். எதுனா காணோம்னா எங்கள கேளு,” என்றார். முனுசாமி திரும்ப வேலைக்கு வர வேண்டும் என்றார் மேஸ்திரி. மானேஜர் டீயை ஒரு வாய் குடித்தார். பிறகு தலையை ஆட்டினார். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. நாங்கள் பங்களாவில் செய்திருக்க வேண்டிய வேலை இதுதான். இதற்காகத்தான் எங்களை நியமித்தார்கள்.

கேட்டு திறந்தது. பெண்கள் விடியற்காலையில் சந்து வழியாக மார்க்கெட்டுக்குப் போனார்கள். அஞ்சலையின் மாமனாருடைய கருமாதிவரை இருந்துவிட்டுப் போகலாம் என்று ரயிலைத் தள்ளிப்போட்டேன். அதற்குள் பத்திரிகையில் செய்தி வந்தது: கூட்டு யோசனைச் சபையின் அரிய முயற்சியால் மீனவர் பாதைப் பிரச்சனை சுமுகமாகத் தீர்ந்ததாம். திறப்பு விழா நடக்குமாம், மாஜி மந்திரி தலைமையில். எனக்கும் அழைப்பு வந்தது. அண்ணன் மகிழ்ந்துபோய், “போயிட்டு வா, நேசம். கோவத்த விடு,” என்றார். போனேன். கோபத்தையும் கூட்டிக்கொண்டுதான் போனேன்.

அங்கே பார்த்ததை நம்ப முடியவில்லை. பல நாளாகத் திறந்து கிடந்த கேட்டை அன்று காலையில் மறுபடி சாத்தியிருந்தார்கள், விழாவில் திறப்பதற்காக. சாலைப் பக்கம் பந்தல், வாழைமரம், நாதஸ்வரம். கேட்டின் முன்னால் சிவப்பு ரிப்பன். அந்தப் பக்கம் குப்பத்துப் பெண்கள் அத்தனை பேரும் மீன்கூடைகளோடு வெயிலில் நின்றார்கள். மாஜி மந்திரி இன்னும் வரவில்லை. அதே ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். கருமாதி முடிந்து அன்றுதான் அஞ்சலை வியாபாரத்துக்குக் கிளம்பியிருந்தாள்.

கடைசியில் கார் வந்தது. என்னையும் மேடையில் உட்காரவைத்தார்கள். மாலை, வரவேற்புரை, ஜட்ஜின் உரை. பிறகு மாஜி மந்திரி கத்திரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். ஒத்துழைப்பின் மகத்துவத்தில் தொடங்கி அவருடைய முதல் ஜெயிலுக்கு வந்தார்.

“முனுசாமிண்ணே!” என்று கம்பிக்கு அப்பாலிருந்து அஞ்சலை கூப்பிட்டாள். “மீனு நாறுது. தொற.”

முனுசாமி யாரையும் பார்க்கவில்லை. புதுக் காக்கியில் நிமிர்ந்து போய்க் கேட்டைத் திறந்துவிட்டார். அஞ்சலை கூடையோடு வந்தாள். ரிப்பன் அவள் மார்பில் பட்டு இழுபட்டு அறுந்தது. கூடையிலிருந்து வடிந்த தண்ணீர் விரித்திருந்த ஜமக்காளத்தில் சொட்டியது. வழியில் நின்ற மாஜி மந்திரியிடம், “நவுரு நைனா,” என்றாள், மரியாதையாகத்தான். அவர் நகர்ந்தார்.

நான் மேடையிலிருந்து இறங்கி அவளோடு நடந்தேன். “அம்மா, நீங்க சபை மெம்பர்!” என்று ஜட்ஜ் கூப்பிட்டார்.

“எடுத்துக்கோங்க, எனக்கு வேண்டாம்,” என்றேன்.

சந்தின் முனையில் திரும்பிப் பார்த்தேன். காரியதரிசி மண்டியிட்டு உட்கார்ந்து ரிப்பனின் இரண்டு துண்டுகளையும் சேர்த்து முடிச்சுப் போடப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் அவரைத் தாண்டி வந்துகொண்டே இருந்தார்கள்.